இரைச்சல் நீக்கிய பாட்டு

வயிற்றுவலி என்று சொல்லியிருக்கலாம், முழங்கால் கடுக்கிறது என்று சொல்லியிருக்கலாம், முழங்கால் என்றால் நஸ்ரியே "வேணாம் உம்மா, வீட்ட இரிங்க" என்று தடுத்திருப்பான், மகன் தடுத்தான் என்று பேசாமல் கிண்ணியாவிலேயே கிடந்திருக்கலாம்... பொய் பேசாதவள் என்று ஊரில் பெயரெடுத்து வைத்ததால் வந்த வினை, வேண்டிய நேரத்தில் ஒரு சின்னப் பொய்கூட நாக்கில் ஏறவில்லை. பொய் பேசாதவளா? ஆர், நீயா சுஹைரா? கிண்ணியா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் உன்னைப்போல ஒரு பொய்க்காரி அகப்படமாட்டாள், மற்றவர்கள் வாயைத் திறந்து பொய் சொல்லி மாட்டுப்படுவார்கள், நீ வாயை மூடியே நாற்பது வருசத்தை ஓட்டிவிட்டாய். இப்போது பார், துறைமுக வீதி மண்டபத்தில், மூன்றாம் வரிசையில், பிளாஸ்டிக் கதிரையில், மகள் ரிஸ்னாவுக்குப் பக்கத்தில் வந்து குந்தியிருக்கிறாய், முன்னுக்கு வெள்ளைத் திரை, எழும்பி ஓடவும் ஏலாது. ரிஸ்னா டவுன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், அவளுக்குத்தான் அழைப்பு வந்தது. "எங்கட ஊரில பாட்டுக்குழு வைச்சிருந்த ஒரு ஆளைப் பத்தின படமாம் உம்மா, இராகுலன் எண்டு பேராம், அவர்ட மகள் வெளிநாட்டில இருந்து வந்து எடுத்திருக்காவாம், பழைய திருகோணமலை எல்லாம் வருமாம், வாங்களேன்" என்று அவள் சொன்னபோது குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெயரை இன்னொரு மனிசரின் வாயில் கேட்டு எத்தனை காலம்! அதுவும் தன் வயிற்றில் பிறந்தவளின் வாயில். பாட்டுப் படம் என்றால் நஸ்ரி வேண்டாம் என்பான் என்று கடைசியாக ஒரு நம்பிக்கை இருந்தது, பள்ளிவாசல் நிர்வாகத்தில் போன மாதம்தான் அவனைச் சேர்த்திருந்தார்கள், ஆனால் அந்த மடையன், "பழைய ஊரைக் காட்டுறதெண்டா போங்க உம்மா, டவுனில இருந்த வாப்பாட கடையும் வந்தாலும் வரும்" என்று ஆட்டோவை எடுத்துவந்து வாசலில் நிறுத்திவிட்டான். வாப்பாட கடை வருமாம், உம்மாட என்னவெல்லாம் வரும் என்று தெரியாத பிள்ளை!

விளக்கை அணைத்தார்கள், சுஹைராவின் நெஞ்சு திக்கென்றது. திரையில் முதலில் கடல், உள்துறைமுகத்தின் பச்சைக் கடல், பிறகு பனி, ஏதோ குளிர்நாட்டின் ஜன்னல், அந்த ஜன்னலுக்குக் கிட்ட ஒரு கிழவர், மடியில் சிவப்பு அக்கோடியன்... யா அல்லாஹ், இது ஆர்? இந்த மொட்டைத் தலையும் தொங்கின கன்னமும் ஆருடையவை? துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிவிட்டுக் கிரீஸ் கையோடு வந்து, மண்ணெண்ணெய் தேய்த்துக் கழுவி, அதற்குப் பிறகுதான் அக்கோடியனைத் தொடுகிற இராகுலன் அண்ணனா இது? விரலைப் பார்த்ததும் தெரிந்தது, அவர்தான், விரல் மட்டும் கிழமாகவில்லை. போன மாரியில் மௌத்தாகிவிட்டார் என்று திரையில் எழுத்து வந்தது, அதைப் பார்த்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதற்குக்கூடப் பயத்தில் இடமில்லை, அவர் செத்துப்போவதற்கு முன்னால் என்னென்ன சொல்லிவிட்டுச் செத்தாரோ என்றுதான் மனது அடித்துக்கொண்டது. அவர் சொல்லியிருந்தால்? தன் குழுவுக்குப் பாடினது கிண்ணியா முஹம்மது தம்பியின் பெண்சாதி சுஹைரா என்று, இந்தக் கிழவர் திரையில் உட்கார்ந்துகொண்டு, தன் கரகரத்த குரலில் பேரையும் ஊரையும் சொல்லிவிட்டால்? இன்னும் ஒரு மணித்தியாலத்துக்குள் அது நடக்கலாம், ரிஸ்னா பக்கத்தில் இருக்கிறாள்.

பாடினாள்தான். களவெடுக்கவில்லை, ஒருவரையும் கெடுக்கவில்லை, பாடினாள். டவுனுக்குள் தமிழ் ஆட்களின் லிங்கநகரில் சுலோஜனாவின் வீடு, சுலோஜனா இராகுலனின் தங்கச்சி, சுஹைராவுக்கு ஒரே வகுப்பு, ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்து இடம், பள்ளி விட்டதும் கணக்குப் படிக்கப் போகிறேன் என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டு அங்கே போவாள். அப்போது சுஹைராவின் குடும்பமும் டவுனில்தான், வாப்பாவுக்கு மூன்றாம் குறுக்குத்தெருவில் புடவைக்கடை. கணக்கும் படித்தார்கள்தான், முழுப் பொய் இல்லை, ஆனால் கணக்குக் கொப்பியை மூடின கையோடு முன்னறைக்கு ஓடுவார்கள், அங்கே துறைமுகத் தென்றல் இசைக்குழு என்ற பெரிய பெயரோடு நாலு பேர், ஒரு தபேலா, ஒரு பழைய கிற்றார், ஒரு அக்கோடியன். பாட வேண்டியவள் சுலோஜனா. பாவம், அவளுக்குச் சுருதி என்றால் எந்தத் திசை என்றே தெரியாது, அண்ணன்காரன் தலையில் அடித்துக்கொள்வான், ஒருநாள் அவள் பிழைவிட்ட இடத்தைச் சுஹைரா தன்னையறியாமல் பாடிக் காட்டிவிட்டாள், அவ்வளவுதான், நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "தங்கச்சி, இன்னொருக்காப் பாடு பாப்பம்" என்றார் இராகுலன் அண்ணன். சுலோஜனாவுக்குப் பொறாமை வரவில்லை, "அப்பாடா, நான் தப்பினன்" என்று துள்ளினாள், சிரிக்கிறபோது மூக்கைச் சுருக்குவாள் அவள்... உப்புவெளியில் கட்டிக்கொடுத்து, கடல் பொங்கின வருசம் கடலோடு போனாள், கரையில் மையித்துக்கூட ஒதுங்கவில்லை என்று கேள்விப்பட்டபோது சுஹைரா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், ஏன் அழுகிறாய் என்று கேட்டவர்களுக்கு, கிண்ணியாவில் செத்தவர்களுக்காக என்றாள், அதுவும் பொய்யில்லை, அவர்களுக்காகவும்தான் அழுதாள். எல்லாப் பொய்யையும் பாதி உண்மையில் பொதிந்தே வைத்திருக்கிறாய் நீ, கெட்டிக்காரி!

"உம்மா, அங்க பாருங்க, அந்தக் காலத்து யூனிபோம்!" ரிஸ்னா விலாவில் இடித்தாள், சுஹைரா கதிரையோடு அரையடி எழும்பி இறங்கினாள். திரை முழுக்க ஒரு கறுப்பு வெள்ளைப் படம். லிங்கநகர் வீட்டு வாசல். நாலு ஆம்பிளைகள், நடுவில் சுலோஜனா மூக்கைச் சுருக்கிக்கொண்டு, ஓரத்தில்... ஓரத்தில்தான் அவள் நின்றாள், படம் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கதவுக்குள் பாய்ந்தாள், முழுதாகப் பாய்ந்துவிட்டேன் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள், இல்லை, ஒரு முழங்கையும், வெள்ளை முக்காட்டின் முனையும் படத்துக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கின்றன. கமெரா மெல்ல அந்தப் படத்துக்குள் நகர்ந்தது, தபேலாக்காரரின் முகம், கிற்றார்க்காரரின் முகம், இன்னும் நகர்கிறது, ஓரத்துக்கு வருகிறதா, வரப்போகிறது, அந்த முக்காட்டு முனையைக் கண்டால் போதாதா, லிங்கநகரில் அந்த வீட்டு வாசலில் முக்காடு போட்ட பிள்ளைக்கு என்ன வேலை என்று ஒருத்தி கேட்டால் போதாதா, பின்வரிசையில் கிண்ணியாப் பொம்பிளைகள் ஏழெட்டுப் பேர் வந்திருக்கிறார்கள், அதில் ஹுஸ்னியா இருக்கிறாள், அவளுடைய பிள்ளை சுஹைராவிடம்தான் குர்ஆன் ஓதப் படிக்கிறது, "சுஹைரா மாமிட குரல்ல ஓதினா மனசு கரைஞ்சுபோகும்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள் அவள்தான். குரல், குரல் என்கிறாளே, அந்தக் குரல் எங்கே பழகினது என்று தெரிந்தால் என்ன சொல்லுவாள்? பிள்ளையை நிறுத்திவிடுவாளா? அல்லது இன்னும் மோசமாக, நிறுத்தாமல், முன்னால் சிரித்துவிட்டு, பின்னால் கதைப்பாளா? கமெரா சுலோஜனாவின் முகத்தில் வந்து நின்றுவிட்டது. சுஹைரா மூச்சை விட்டாள். ரிஸ்னா இன்னும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பழைய படங்கள் என்றால் பைத்தியம்.

ஹுஸ்னியாவும் நஸ்ரியும் ஊரும் ஒருபக்கம் கிடக்கட்டும், ஊர் ஒரு மாதம் கதைக்கும், பிறகு வேறொரு கதை கிடைத்ததும் இதை விட்டுவிடும், நஸ்ரி இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவான், பிறகு "உம்மா, சோறு" என்று வந்து நிற்பான், அவனை அவளுக்குத் தெரியும். பயம் அதுவல்ல. பயம் இந்தா பக்கத்தில் இருக்கிறாளே, இவள். இவளுக்கு அப்போது பதினொரு வயதிருக்கும், பள்ளியில் தமிழ்த்தினப் போட்டிக்குப் பாட்டுக்குத் தெரிவாகி, புத்தகப் பையைக் கழற்றாமலே குசினிக்குள் ஓடிவந்து, "உம்மா, நான்தான் முதலாவது, டீச்சர் சொன்னா என்ட குரல் மாதிரி ஒரு குரல் இல்லையாம்" என்றாள். என்ன சொன்னாய் அதற்கு? சுஹைராவுக்கு அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் நினைவிருந்தன, மறக்கத்தானே ஏலாது. "பாட்டும் கூத்தும் நமக்கு வேணாம், நல்ல குடும்பத்துப் பிள்ளையள் மேடையில ஏறி வாயைத் திறக்கிறதில்ல. போய்க் கை கால் கழுவு." அவ்வளவுதான். அடிக்கவில்லை, கத்தவில்லை. முஹம்மது தம்பியே, "விடன், சின்னப் பிள்ளைதானே" என்றார், நல்ல மனிசன், அவரை எதிர்த்து நின்று மறுத்தவள் இவள்தான். ஏன் மறுத்தாய்? மார்க்கம் என்று சொன்னாய், மார்க்கமா அது? பயம். மகள் மேடையில் வாயைத் திறந்தால், அந்தக் குரலைக் கேட்ட பழைய ஆள் ஆராவது, "இதே குரலை நான் முன்னமும் கேட்டிருக்கிறன்" என்று சொல்லிவிடுவான் என்ற பயம். தன் களவு வெளியே வராமலிருக்க மகளின் வாயில் கையை வைத்தாள். அன்றைக்குப் பிறகு ரிஸ்னா குளியலறையில்கூட முணுமுணுத்ததில்லை. இன்றைக்கு அந்தக் கிழவர் பெயரைச் சொன்னால், இவள் திரும்பிப் பார்ப்பாள், பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள், "அப்ப எனக்கேன் உம்மா வேணாம் எண்டீங்க?" அதற்குச் சொல்லச் சுஹைராவிடம் பாதி உண்மையில் பொதிந்த பொய்கூட இல்லை.

திரையில் கிழவர் பழைய கசெற் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். வந்துவிட்டது! சுஹைரா கண்ணை மூடினாள், மூடினால் லிங்கநகர் முன்னறை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கலியாணம் பேசி முடிந்திருந்த நேரம், இனிக் கணக்குப் படிக்க வர ஏலாது என்று சொல்லத்தான் போயிருந்தாள், இராகுலன் அண்ணன் துறைமுகத்துச் சிநேகிதன் ஒருவனிடம் டேப் ரெக்கோடர் இரவல் வாங்கி வைத்திருந்தார், "போறதுக்கு முன்னம் ஒருக்காப் பாடிட்டுப் போ தங்கச்சி, ஒருக்கா மட்டும்" என்றார். அவரே கட்டின பாட்டு. ஜன்னலெல்லாம் சாத்தி, சேவலைப் பின்வளவில் கூடையால் மூடி, சுலோஜனா பட்டனை அமத்தினாள். பாடிக்கொண்டு போனாள், கடைசி அடி, "தோணி திரும்பும் நேரம், துறையோரம் விளக்கொன்று..." அந்த இடத்தில் பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கு அழைக்கிற அசர் வாங்கு சொல்லத் தொடங்கியது. சாத்தின ஜன்னலுக்குள்ளாலும் வந்தது. சுஹைரா நின்றுவிட்டாள். யோசித்து நிற்கவில்லை, வாங்கு கேட்டால் வாய் நிற்கும், கை முக்காட்டை இழுத்துத் தலையில் போடும், வாய்க்குள் மறுமொழி ஓடும், சின்ன வயதிலிருந்து அப்படித்தான், பேச்சென்றாலும் சண்டையென்றாலும் பாட்டென்றாலும். பழகுகிற நாட்களில் அந்த நேரத்தில் எல்லாரும் தேத்தண்ணி குடிப்பார்கள், ஆனால் இன்றைக்கு டேப் ஓடுகிறதே! நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், திரும்பத் தொடங்க நேரமில்லை, வாப்பா தேடுவார். சுலோஜனா பட்டனில் கைவைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள், அண்ணன் தலையை ஆட்டினார், வேண்டாம். அவர் ஒரே ஒரு சுரத்தை மட்டும் பிடித்து, அக்கோடியனை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே இருந்தார், சத்தமே கேட்காத அளவுக்கு, வாங்கு முடியும்வரைக்கும், இழுத்து, சுருக்கி, இழுத்து. முடிந்ததும் சுஹைரா விட்ட இடத்தில் பிடித்தாள், "எரியும்." சுருதி ஒரு மயிரிழை பிசகவில்லை. பாட்டு முடிந்த பிறகு தபேலாக்காரர், "அந்த இடத்தை வெட்டிடுவமா?" என்றார், இராகுலன் அண்ணன், "வெட்டினா நான் உன்னை வெட்டுவன்" என்றார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சுஹைரா அவரிடம் சத்தியம் கேட்டாள், "என்ட பேரை ஆருக்கும் சொல்லப்படாது அண்ணன், மௌத்தாகும்வரைக்கும்." அவர் சிரிக்காமல், சத்தியம் என்று அக்கோடியனில் கை வைத்தார். ஆசையா அது, காதலா என்று ஊர் கேட்கும், ஒரு குமரும் ஒரு ஆம்பிளையும் என்றால் ஊருக்கு வேறு என்ன தெரியும், பாட்டுக்காகத்தான் போனேன் என்றால் ஆர் நம்புவார்கள்!

"அப்பா, யார் பாடினது?" திரையில் மகள் பிரியங்கினியின் குரல் கேட்டது, ஆள் தெரியவில்லை, குரல் மட்டும். கிழவர் கசெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார், பனியைப் பார்த்தார். சொல்லப்போகிறார், சொல்லாதீங்க அண்ணன், அல்லாவுக்காகச் சொல்லாதீங்க, சுஹைரா இரண்டு கையாலும் தன் மடியைப் பிடித்துக்கொண்டாள், பக்கத்தில் ரிஸ்னா போத்தலைத் திறந்து தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள், அந்த மூடியைத் திருகுகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. "என்ட தங்கச்சி சுலோஜனா," என்றார் கிழவர். "அவள்தான் பாடினவள்." சொல்லிவிட்டு அக்கோடியனில் கையை வைத்தார். அல்ஹம்துலில்லாஹ்! போதும், முடிந்தது, தப்பினாய் சுஹைரா, மனிசன் சத்தியம் காத்தார், செத்தும் காத்தார், அவருக்காக இன்றைக்கு இரண்டு ரக்அத் கூடுதலாகத் தொழ வேண்டும்... உடம்பெல்லாம் லேசாகியது, தலைக்குமேல் காற்றாடி சுற்றுவதுகூட அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சநேரம்தான். பிறகு பயம் போன இடத்தில் வேறொன்று வந்து குந்திக்கொண்டது. சுலோஜனாவா? சுருதி எந்தத் திசை என்று தெரியாத சுலோஜனாவா? அந்த நல்ல பிள்ளைமேல் கோபம் வருகிறதே, இது என்ன கூத்து, கேட்டது நீ, சத்தியம் வாங்கினது நீ, இப்போது ஆர்மேல் கோபம் உனக்கு? திரையில் சுலோஜனாவின் படம் பெரிதாக வந்தது, கீழே "பாடகி" என்று எழுதியிருந்தது. மண்டபத்தில் சிலர் கைதட்டினார்கள். ரிஸ்னாவும் தட்டினாள்.

பிறகு பாட்டைப் போட்டார்கள், முழுப் பாட்டையும். திரையில் கடலும் தோணிகளும், குரல் மட்டும்... அட, இது என்ன குரல், இவ்வளவு சின்னக் குரலா, இவ்வளவு பயமில்லாத குரலா? தன் குரலைத் தான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது சுஹைராவுக்கு இப்போதுதான் உறைத்தது, பாடின அன்றைக்கே செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடிவிட்டாளே. இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, கலியாணம் தெரியாது, ஊர் பிளவுபட்டு லிங்கநகருக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் கடலைவிடப் பெரிய கடல் விழப்போவது தெரியாது, தன் பிள்ளையின் வாயில் தானே கைவைக்கப்போவது தெரியாது, தன்பாட்டில் பாடுகிறது, மூச்சு எடுக்கிற இடத்தில் மூச்சு எடுக்கிறது. சுஹைராவும் அந்தந்த இடத்தில் மூச்சு எடுத்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை, வந்ததா, வரவில்லை, இருட்டுத்தானே. தோணி திரும்பும் நேரம், துறையோரம் விளக்கொன்று... கை தன்பாட்டில் எழும்பி முக்காட்டை நெற்றிவரைக்கும் இழுத்துவிட்டது, உதடு மூடிக்கொண்டது, அதற்குப் பிறகுதான் திரையில் குரல் நின்றது. ரிஸ்னா திரும்பிப் பார்த்தாள். கை இன்னும் முக்காட்டிலேயே இருந்தது, இறக்க ஏலவில்லை. திரையில் அக்கோடியனின் ஒற்றைச் சுரம் மட்டும் மெல்ல இழுபட்டுக்கொண்டிருந்தது, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை, சுத்தமான வெறுமை, எங்கே வாங்கு? சாத்தின ஜன்னலுக்குள்ளால் வந்ததே, டேப்பில் ஏறியிருக்க வேண்டுமே? ஆட்கள் பாட்டு முடிந்துவிட்டது என்று கைதட்டப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். "எரியும்," என்றது குரல், நெடுநேரம் கழித்து. ரிஸ்னா திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விளக்கைப் போட்டார்கள். பிரியங்கினி மேடைக்கு வந்தாள், மெலிந்த பிள்ளை, தகப்பனின் விரல். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, ஆராவது கேள்வி கேட்கலாம் என்றாள், முன்வரிசையில் ஒருவர் அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்டார், பாட்டு ஏன் நடுவில் நிற்கிறது? "எல்லாரும் அதைத்தான் கேட்கினம்," என்றாள் பிரியங்கினி, "அப்பாவிட்ட எத்தனையோ தரம் கேட்டனான், சிரிப்பாரே தவிரச் சொல்லமாட்டார். அது அந்தக் காலத்துப் பயம் எண்டுதான் நான் நினைக்கிறன். ஆமிக்காரர் வீதியில போயிருக்கலாம், ஹெலி பறந்திருக்கலாம், அத்தைக்குக் குரல் அடைச்சுப் போயிருக்கும். விளக்கு எரியுமோ எரியாதோ எண்டு அவவுக்கே தெரியேல்ல." மண்டபம் ஆமென்று தலையாட்டியது. பயமா! சுஹைராவுக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள், அடி பிள்ளை, வாழ்க்கை முழுக்க நான் பயப்படாமல் இருந்த ஒரே ஒரு பின்னேரம் அதுதானடி! "பழைய கசெற்தானே," பிரியங்கினி தொடர்ந்தாள், "அந்த இடத்தில பின்னால ஏதோ இரைச்சல் பதிவாகியிருந்தது, லண்டனில ஒரு ஸ்ரூடியோவில குடுத்து எல்லாத்தையும் நீக்கிட்டம். இப்ப அந்த மௌனம் சுத்தமாக் கேக்கும்." இரைச்சலா? சுஹைராவின் சிரிப்பு நின்றுவிட்டது. தெரியாமல் செய்த பிள்ளை, அதன்மேல் பிழை சொல்ல ஏலாது, அங்கே பிறந்து வளர்ந்தது, ஒலிப்பதிவில் எது பாட்டு எது இரைச்சல் என்று அதற்கு ஆர் சொல்லிக் கொடுத்தார்கள், சொல்லியிருக்க வேண்டியவர் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுச் சிரித்துவிட்டுப் போய்விட்டார், சொல்லக்கூடிய மற்றவள் இந்தா மூன்றாம் வரிசையில்... "அத்தையோட பழகின ஆக்கள் ஆராவது இந்த மண்டபத்தில இருக்கிறீங்களா?" என்று பிரியங்கினி கேட்டாள். "ஒரு வார்த்தை சொன்னாலும் போதும். எனக்கு அவவைப் பற்றி ஒண்டுமே தெரியாது."

ஒருவரும் கை தூக்கவில்லை. அப்போதுதான் வெளியே மஃரிப் வாங்கு தொடங்கியது, பள்ளிவாசல் மண்டபத்துக்கு இரண்டு வளவு தள்ளித்தான், ஜன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன. பிரியங்கினி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், மண்டபத்துக்குப் பொறுப்பான வயதான மனிதர் மேடையோரம் வந்து, "கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை, வாங்கு முடியட்டும்," என்றார், அவர் தமிழ் ஆள், நெற்றியில் விபூதி, இந்த ஊரில் அதைச் சட்டமாகவா எழுதி வைத்திருக்கிறார்கள், இல்லை, ஒலிவாங்கி பிடித்தவர் எவரும் வாங்குக்கு நிறுத்துவார்கள், அவ்வளவுதான். பிரியங்கினி ஒலிவாங்கியை இறக்கிப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மெல்லச் சிரித்துக்கொண்டு நின்றாள். முழு மண்டபமும் பேச்சை நிறுத்தியது. சுஹைராவின் கை முக்காட்டை இழுத்தது, உதடு மூடியது, வாய்க்குள் மறுமொழி ஓடியது. பக்கத்தில் ரிஸ்னாவின் கையும் எழும்பியது, அதே இழுப்பு, நெற்றிவரைக்கும், அவளுக்கு ஆர் பழக்கினார்கள், உம்மாதான். ஆனால் ரிஸ்னாவின் கை முக்காட்டிலேயே நின்றுவிட்டது. அவள் தன் கையைப் பார்த்தாள். உம்மாவின் கையைப் பார்த்தாள். மேடையில் வாய் மூடி நிற்கிற அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அசையாமல் இருந்து, வாங்கு முடியும்வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாள், வாங்கைக் கேட்கிற மாதிரியல்ல, எதையோ அதன் பக்கத்தில் வைத்து நீளம் பார்க்கிற மாதிரி. பார்க்காதே மகள், பார்க்காதே... அந்தக் கழுத்து நரம்பு துடிப்பது சுஹைராவுக்குத் தெரிந்தது, கண்டுபிடித்துவிட்டாள், இனி எந்தச் சத்தியமும் உதவாது.

வாங்கு முடிந்தது. ஒருவரும் பேசத் தொடங்குவதற்கு முன்னால், ரிஸ்னா முகத்தைத் திருப்பாமலே, மெல்லக் கேட்டாள்.

"உம்மா, அந்தப் பிள்ளை பாட்டை நிப்பாட்டினது இதுக்குத்தானே?"

அந்தப் பிள்ளை என்றாள், நீங்கள் என்று கேட்கவில்லை. ஒரு ஓம் போதும், ஓம் மகள் என்று இரண்டு சொல், அதற்குக்கூட வாய் திறக்கவில்லை, எப்போதும் இப்படித்தான், மூடித்தான் பழக்கம். மேடையில் பிரியங்கினி நன்றி சொல்லத் தொடங்கிவிட்டாள், அத்தையைத் தெரிந்தவர் எவரும் இல்லை என்று ஏற்றுக்கொண்ட முகம். கதிரைகள் இழுபட்டன. ரிஸ்னாவின் போன் அடித்தது, நஸ்ரி, வாசலில் நிற்கிறானாம், "படம் எப்பிடி, வாப்பாட கடை வந்ததா?" என்று அவன் கேட்பது சுஹைராவுக்கும் கேட்டது. "இல்ல," என்றாள் ரிஸ்னா. "வேற ஆக்கள் வந்தாங்க." போனை வைத்துவிட்டு, உம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள், முழங்கால் உண்மையாகவே கடுத்தது. வாசலில், டவுன் வீதிகளில் எப்போதும் திரிகிற மான்களில் இரண்டு குப்பைத் தொட்டியில் தலையை விட்டுக்கொண்டு நின்றன, ஆட்டோவுக்குப் போகிற வழியில் ரிஸ்னா பிடித்த கையை விடவில்லை. சுஹைரா அவளைப் பக்கத்தால் பார்த்துப் பார்த்து நடந்தாள். நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது, அதே அடி, படம் தொடங்கினபோது அடித்த அதே அடி... இப்போது என்ன பயம் உனக்கு, அவளுக்குத்தான் தெரிந்துவிட்டதே, இனி எதற்குப் பயப்படுகிறாய்? பாலத்தால் போனால் வீட்டுக்கு முக்கால் மணித்தியாலம்தான், நஸ்ரி வழி நெடுகக் கதைத்துக்கொண்டே வருவான், வீட்டில் பிள்ளைகள் வந்து காலைக் கட்டும், சோறு போட வேண்டும், தொழ வேண்டும். அதற்குள் இவள் அந்தக் கேள்வியை இன்னொருக்காக் கேட்காமலே விட்டுவிடுவாளோ?